கணக்கில் அகப்படாத மாரடைப்பு

மாரடைப்பினால் ஒருவர் இறந்துவிட்ட வீட்டிலே, பிரேதம் கூடத்திற் கிடக்கும்போதே, முற்றத்துக் கதிரைகளில் ஒரு விசாரணை தொடங்கிவிடுகிறது. "சுருட்டுப் பத்துவாரோ?" "சீனி வருத்தம் இருந்ததோ?" "கொழுப்பு, பொரியல் என்று பாராமற் சாப்பிட்ட ஆளோ?" என்று வந்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கேள்விகளுள் ஒன்றுக்கேனும் ஆமென்று விடை கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒருவகை நிம்மதி. இறந்தவர் தாம் பட்ட கடனைத் தீர்த்துவிட்டார். கேட்டவரோ அக்கடன் படாதவர். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லையென்றே விடை வருமாயின் பேச்சுச் சற்றுத் தடைப்படுகிறது. பிறகு யாரோ ஒருவர் "விதி" என்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

விதியென்று கூறி நாம் கடந்துவிடும் அந்த மனிதரைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறேன். புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு, குருதியிற் கொலஸ்திரோல் மிகுதி என்னும் நான்கையும் மருத்துவ உலகம் மாரடைப்பின் பிரதான ஆபத்துக் காரணிகளாகக் கொண்டிருக்கிறது. நான்கும் மனித முயற்சியாலும் மருந்தாலும் மாற்றத்தக்கவை என்பதே அவற்றைத் தனியாகப் பிரித்தெடுத்ததன் நோக்கம். இவற்றுள் ஒன்றுதானும் இல்லாதவர்க்கும் மாரடைப்பு வருவதுண்டு. அதுவும் அரிதாக அன்று. அவ்வாறு வந்தவர்கள் பின்னர் என்ன ஆகிறார்கள் என்று தேடிப் படித்தபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். நான் வைத்தியனல்லன், பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்தவன். ஆதலால் என்னைப் பிடித்து நிறுத்தியது நோயைக் காட்டிலும் நோயைப் பற்றிய கணக்கே எனலாம்.

அந்தக் கணக்கு பிறந்த கதையை முதலிற் சொல்ல வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற் 1945 ஏப்ரல் 12ஆந் திகதி மூளையிற் குருதி பெருகி இறந்தார். அன்று அவருடைய குருதியமுக்கம் 300க்கு 190 என்று பதிவாகியது. பல ஆண்டுகளாகவே அது ஏறிக்கொண்டு வந்தது. எனினும், அந்த வயதுடையவர்க்கு அது இயல்பானதே என்பது அவருடைய பிரத்தியேக வைத்தியரின் கருத்தாக இருந்தது. அவ்வைத்தியரைக் குறை கூறிப் பயனில்லை. வயது ஏற ஏற நாடிகள் தடிக்கும். தடித்த நாடிகளூடே குருதியைச் செலுத்துவதற்கு அமுக்கமும் ஏறத்தான் வேண்டும். அதைக் குறைக்க முயல்வதே தீங்கு என்று கற்றறிந்தோர் பலர் நம்பிய காலம் அது. மாரடைப்பும் அவ்வாறே முதுமையின் கூலியென்று கருதப்பட்டது.

மூன்றாண்டுகளின் பின், 1948இல், ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இருதயச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே ஆண்டில், பொஸ்ரன் நகருக்கு மேற்கேயுள்ள பிறேமிங்காம் என்னும் பட்டணத்தில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. 30 வயதுக்கும் 62 வயதுக்கும் இடைப்பட்ட 5,209 ஆண்களும் பெண்களும் அதற்கு உடன்பட்டார்கள். நோயாளரைப் பிடித்து ஆராய்வது பழைய வழக்கம். இங்கோ சுகதேகிகளை இரண்டாண்டுக்கொருமுறை அழைத்து, குருதியமுக்கத்தை அளந்து, குருதியைச் சோதித்து, புகைப்பதுண்டா என்று கேட்டு எழுதிவைத்துவிட்டு, இவர்களுள் யாருக்கு இருதயநோய் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். பொறுமையே அந்த ஆய்வின் கருவி. 1961இல் வில்லியம் கனல், தோமஸ் டோபர் முதலியோர் தம் ஆறாண்டுப் பெறுபேறுகளை வெளியிட்டபோது அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'ஆபத்துக் காரணிகள்' என்னும் தொடர் இடம்பெற்றது. இன்று கிராமத்துக் கிளினிக்கிலும் வழங்கும் அத்தொடரைப் பரவச் செய்தவர்கள் அவர்களே. றூஸ்வெல்ற்றின் வைத்தியர் இயல்பென்று நினைத்தது இயல்பன்று என்பதை உலகம் அங்கேதான் கற்றது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் கோடிக்கணக்கானோர் என்பதை நான் ஐயுறவில்லை; இக்கட்டுரையை வாசித்துவிட்டு, குருதியமுக்கம் பார்ப்பது வீண் என்று எவரேனும் எண்ணுவாராயின் அது பெரும் பிழையாகும்.

எனினும் தமிழிலே காரணம் வேறு, காரணி வேறு. காரணி உள்ளவர்களிடையே நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்பதே பிறேமிங்காமின் செய்தி. காரணி இல்லாதவர்க்கு நோய் இல்லையென்று அங்கு ஒருவரும் சொல்லவில்லை. தர்க்கம் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. புகை உள்ளவிடத்தே நெருப்பு உண்டு என்று மலையைக் காட்டிச் சாதிக்கலாம். புகை இல்லாதவிடத்தே நெருப்பும் இல்லையென்று சாதிக்க முயன்றால், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டை எடுத்து முன்னே வைப்பார்கள். அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நமது முற்றத்து விசாரணை இந்த இரும்புக் குண்டை மறந்துவிடுகிறது. வருந்தத்தக்கது யாதெனில், வைத்தியசாலையும் சிலவேளை மறந்துவிடுகிறது என்பதே.

இதை வற்புறுத்தி எழுப்பியவர்களுள் முதன்மையானவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இருதயநோய்ப் பேராசிரியர் ஜெம்மா பிக்ற்றீ என்னும் பெண்மணி. அவரும் உடனுழைத்தோரும் தாம் பணிபுரிந்த வைத்தியசாலைக்கு முடியுரு நாடி முற்றாக அடைபட்டு வந்த நோயாளரின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தனர். நான்கு காரணிகளுள் ஒன்றும் இல்லாதவர்கள் 2006இல் நூற்றுக்கு 11 பேராக இருந்தனர். 2014இல் நூற்றுக்கு 27 பேராக இருந்தனர். 2017இல் இது வெளிவந்தது. முடியுரு நாடி என்பது இருதயத்தின் தசைக்கே குருதி கொடுக்கும் நாடி. உடல் முழுவதற்கும் குருதி இறைக்கும் இருதயம் தனக்கு வேண்டியதைத் தன்னுள்ளே நிரம்பி நிற்கும் குருதியிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. மேலே ஓடும் இச்சிறு நாடிகளையே நம்பியிருக்கிறது. அவற்றுள் ஒன்று அடைபட்டாற் சில மணி நேரத்துள் அப்பகுதித் தசை இறந்துவிடும். நமது மொழி இந்நோய்க்கு இட்ட பெயரே அடைப்பு என்பது கவனிக்கத்தக்கது.

பதினொன்று இருபத்தேழானதைக் கண்டு புதியதொரு மாயநோய் தோன்றிவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. நூற்றுவீதம் என்பது பங்கைக் காட்டுமேயன்றித் தொகையைக் காட்டாது. ஒரு வகுப்பிலே குழப்படிக்காரர் திருந்தத் திருந்த, எஞ்சிய தவறுகளுள் நல்ல பிள்ளைகள் செய்தவை பெரும்பங்காகத் தோன்றுவது போன்றதே இது. புகைப்போர் குறைந்தனர், குருதியமுக்கத்துக்கும் கொலஸ்திரோலுக்கும் மருந்து உண்போர் பெருகினர், அவ்வழியால் வரும் மாரடைப்புகள் சுருங்கின. கணக்கில் அகப்படாதவை மட்டும் இருந்தபடியே இருந்து, இப்போது கண்ணிற் படுகின்றன. இவ்வாறே நான் விளங்கிக்கொள்கிறேன். ஜெப்ரி றோஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 1980களிலேயே இதன் மற்றொரு பக்கத்தை எடுத்துக்காட்டியிருந்தார். மிகுந்த ஆபத்துடைய சிலரிடமிருந்து வரும் நோயாளரைவிட, சிறிது ஆபத்துடைய பலரிடமிருந்து வரும் நோயாளர் தொகை பெரிதாக இருத்தல் கூடும் என்பதே அவர் கூற்று. பத்துப் பேரில் ஐவரைக் காட்டிலும் ஆயிரம் பேரில் ஐம்பதின்மர் அதிகம் அல்லவா?

இனி, என்னைத் திகைக்கச் செய்த கணக்குக்கு வருகிறேன். சுவீடன் நாட்டிலே இருதயநோயாளர் அனைவரையும் பதியும் ஒரு தேசியப் பதிவேடு உண்டு. பிக்ற்றீயும் சுவீடிஷ் அறிஞர்களும் 2005 முதல் 2018 வரை அதிற் பதிவான, முன்னர் இருதயநோய் கண்டிராத 62,048 பெரிய மாரடைப்பு நோயாளரை எடுத்துக்கொண்டனர். அவர்களுள் 9,228 பேருக்கு, அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேருக்கு, நான்கு காரணிகளுள் ஒன்றும் இல்லை. புகையாதவர், சீனி வருத்தம் இல்லாதவர், அமுக்கமும் கொலஸ்திரோலும் அளவோடிருந்தவர் என்றால், அவருடைய உடல் மற்றவருடையதைக் காட்டிலும் அடியைத் தாங்குமென்றே நாம் எதிர்பார்ப்போம். நடந்தது மறுதலை. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் காரணி உடையவருள் 7.9 வீதம், இல்லாதவருள் 11.3 வீதம். ஆண் பெண் எனப் பிரித்தபோது வேறுபாடு மேலும் கூர்மையாயிற்று. காரணியுடைய ஆண்கள் 6.1, காரணியில்லா ஆண்கள் 9.3, காரணியுடைய பெண்கள் 11.1, காரணியில்லாப் பெண்கள் 17.6. ஒரு குற்றமும் சுமத்த முடியாத பெண்களுள் ஆறுபேருக்கு ஒருவருக்கு மேல் ஒரு மாதத்துள் மறைந்தனர். 2021இல் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டிலே இது வெளியாயிற்று.

வயது முதலிய வேறுபாடுகளைக் கணக்கிற் கழித்த பின்னரும் அந்த இடைவெளி நீடித்தது. ஆனால் ஒன்றைச் சேர்த்தபோது மட்டும் அது மெலிந்தது. அதுதான், வீடு திரும்பும்போது எழுதிக்கொடுக்கப்பட்ட மருந்து. காரணி இல்லாதவர்க்கு ஸ்ரற்றின், பீற்றா தடுப்பி, நாடிகளைத் தளர்த்தும் ஏ.சீ.ஈ. தடுப்பி ஆகியவை மற்றவர்க்குக் கொடுக்கப்பட்ட அளவிற் கொடுக்கப்படவில்லை. கொலஸ்திரோல் உயர்ந்திராதவர்க்குக் கொலஸ்திரோல் மருந்து எதற்கு, அமுக்கம் இல்லாதவர்க்கு அமுக்க மருந்து எதற்கு என்று எழுதியவரின் கை தயங்கியிருத்தல் வேண்டும். எண்ணிப் பார்த்தால் இத்தயக்கத்திற்கு ஆதாரமில்லை. மாரடைப்பு வருமுன் அம்மருந்துகள் ஓர் எண்ணைக் குறைப்பதற்காக உண்ணப்படுகின்றன. வந்தபின்னோ, காயப்பட்ட இருதயத்தைக் காப்பதற்கும், நாடிச்சுவரிலே படிந்துள்ள கொழுப்புத் திட்டு மீண்டும் வெடியாதபடி அமைதிப்படுத்துவதற்கும் உண்ணப்படுகின்றன. திட்டு இருக்கிறதா என்பதற்கு இனிச் சாட்சி வேண்டியதில்லை. மாரடைப்பே சாட்சி.

கணித ஆசிரியன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். வைத்தியசாலையிலேயே இறந்துவிட்டவர்க்கு வீடு செல்லும் மருந்தை எழுதும் பேச்சே எழாது. ஆகவே முப்பது நாள் மரணங்கள் முழுவதையும் மருந்துச் சீட்டின் தலையிற் போட்டுவிட முடியாது. அமெரிக்காவில் முதன்முறை மாரடைப்பு வந்த 542,008 பேரைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வொன்றும் இவ்வாறே வியப்பளித்தது. குடும்ப வரலாற்றையும் சேர்த்து ஐந்து காரணிகளுள் ஒன்றும் இல்லாதவருள் வைத்தியசாலையில் இறந்தோர் 14.9 வீதம், ஐந்தும் உடையவருள் 3.6 வீதம் மட்டுமே. காரணி இல்லாதவர்கள் பெரும்பாலும் வயது கூடியவர்கள் என்பது இதில் ஒரு பங்கு. மேலும், உயிர் போகும் நிலையிற் கொண்டுவரப்பட்டவரிடம் சுருட்டுப் பழக்கத்தை விசாரித்துப் பதிய யாருக்கு அவகாசம்? பதியப்படாதது இல்லாததாக எண்ணப்பட்டிருக்கலாம். எல்லாவற்றையும் கழித்த பின்னரும் சுவீடன் பதிவேட்டிலே ஒன்று எஞ்சி நிற்கிறது: அவ்வேறுபாடு ஆண்களிடம் எட்டாண்டுகளுக்கு மேலும், பெண்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் வரையும் தொடர்ந்தது. அது வைத்தியசாலைக் கட்டிலில் நிகழ்ந்த கதையன்று, வீட்டில் நிகழ்ந்தது.

வீட்டில் அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் ஒரு மாமி இருந்தார். மெலிந்த தேகம்; சைவ உணவு; வெள்ளிக்கிழமை தவறாத விரதம்; அறுபது கடந்தும் கிணற்றில் தாமே தண்ணீர் அள்ளுவார். ஒருநாள் விடியற்புறத்தில் தாடையிலும் முதுகிலும் ஒரு நோவு; உடம்பெல்லாம் வேர்வை. வாய்வு என்று இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோமென்று மகன் நின்றபோது, "போன மாசந்தானே கிளினிக்கிலை எல்லாம் பாத்தவை, ஒண்டும் இல்லையெண்டு சொன்னவை" என்று மறுத்துவிட்டார். நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுவதுதான் மாரடைப்பு என்பது நாடகத்திற் கண்ட காட்சி. பெண்களுக்கு நெஞ்சுநோவோடு தாடை நோவு, முதுகு நோவு, ஓங்காளம், மூச்சுமுட்டு, காரணமற்ற களைப்பு என்றும் வரும். சிலவேளை நெஞ்சுநோவு பெரிதாகத் தோன்றாமலே வரும். பின்னேரந்தான் மாமியைக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது ஐந்துவகைக் குளிசைகள் கொடுத்துவிட்டிருந்தார்கள். கொடுத்தவர்கள் கடமையைச் செய்தார்கள் என்றே சொல்ல வேண்டும். மாமிக்கோ அவை தமக்குரியனவாகப் படவில்லை. "எனக்குச் சீனியும் இல்லை, பிறசரும் இல்லை, கொலஸ்ரோலும் இல்லை, ஏன் மோனை இவ்வளவு குளிசை?" என்று மகனைக் கேட்பார். அயலில் யாருக்கோ அமுக்கக் குளிசையால் தலைசுற்று வந்ததென்று கேள்விப்பட்டு ஒன்றை நிறுத்தினார், பிறகு மற்றொன்றை. இரண்டு மாதத்தில் எல்லாம் நின்றன. தம்மை ஒரு நோயாளியென்று அவர் கடைசிவரை நம்பவேயில்லை. நம்புவதற்கு வேண்டிய அடையாளம் ஒன்றும் அவரிடம் இல்லை. அடுத்த ஆண்டு மாசி மாதத்தில் இரண்டாவது முறை வந்தது. அம்முறை ஆஸ்பத்திரி வரை போகவில்லை.

அப்படியானால் அத்தகையோரின் நாடியை அடைப்பது எது? ஒன்றன்று, பல. கொழுப்புத் திட்டு மனித இனத்தோடு கூடப் பிறந்தது போலும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு எகிப்து, பெரு, வட அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி, அலூசியன் தீவுகள் ஆகிய நான்கிடத்துப் பழம் பிரேதங்கள் 137ஐப் படம்பிடித்துப் பார்த்தது. 47 உடல்களில் நாடிகள் தடித்திருந்ததற்கான அடையாளங்கள் காணப்பட்டன. எகிப்தியர் சிகரெற்றைக் கண்டவர்களல்லர். அலூசியன் தீவினர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள். ஆகவே கொலஸ்திரோல் 'அளவாக' இருப்பதும் திட்டு இல்லாதிருப்பதும் ஒன்றல்ல. இனி, திட்டு உண்டென்பதாலேயே மாரடைப்பு வந்துவிடாது. அதன் மேற்போர்வை வெடிக்க வேண்டும், அல்லது உராய்ந்து தேய வேண்டும். அங்கே குருதி உறைய வேண்டும். அப்போர்வையை மெலியச் செய்வதில் அழற்சிக்குப் பெரும்பங்கு உண்டு. பொஸ்ரன் நகரத்து போல் றிட்கர் 1997இல் இதனை எடுத்துக்காட்டினார். அழற்சி ஏற்படும்போது ஈரல் சுரக்கும் சீ-தாக்கப் புரதம் குருதியில் மிகுந்திருந்த சுகதேகிகளுக்கே பிற்காலத்தில் மாரடைப்பு மிகுதியாக வந்தது. 2008இல் 17,802 பேரைக் கொண்ட பரீட்சையொன்றில், கொலஸ்திரோல் உயராமல் இப்புரதம் மட்டும் உயர்ந்திருந்தவர்க்கு ஸ்ரற்றின் கொடுத்தபோது மாரடைப்பு முதலியன ஏறத்தாழப் பாதியளவுக்குக் குறைந்தன. 2017இல் கொலஸ்திரோலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் மருந்தொன்றும் மாரடைப்பை ஓரளவு குறைத்தது. ஆயின் அது உயிர்கொல்லும் தொற்றுகளைச் சற்றுக் கூட்டியதால் வழக்கத்திற்கு வரவில்லை. மூட்டுவாதம் போன்ற நெடுங்கால அழற்சி நோயுடையோர்க்கும், கர்ப்பகாலத்திற் குருதியமுக்கம் ஏறிப் பின் தணிந்த பெண்களுக்கும் இருதய ஆபத்து மிகுதி என்பது இன்று தெளிவு. நான்கின் பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை.

திட்டே இல்லாமலும் அடைப்பு வருவதுண்டு. 1931இல் 42 வயதுப் பெண்ணொருத்தி திடீரென இறந்தபோது, பிரேத பரிசோதனையில் முடியுரு நாடியின் சுவர் உட்புறமாகக் கிழிந்து, கசிந்த குருதியே வழியை அடைத்திருந்தது கண்டறியப்பட்டது. நெடுங்காலம் இது ஓர் அபூர்வக் கதையாகவே இருந்தது. இப்போது அவ்வாறு கிழிவு நேர்வோருள் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்றும், நடுவயதினரே மிகுதி என்றும் தெரிகிறது. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை அடுத்தும் வரும் மாரடைப்புக்கு இதுவே முதன்மையான காரணம். இளந்தாய் ஒருத்தி நெஞ்சுநோவென்று வந்தால் பயம், பதற்றம் என்று அனுப்பிவிடுதல் எளிது.

இங்கே எதிர்க்கட்சியாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். காரணி இல்லாதவர் என்று ஒருவர் இல்லவே இல்லை, கோட்டை எங்கே கீறுகிறோம் என்பதே வினா என்கிறார்கள் அவர்கள். பரீட்சையில் 35 புள்ளி சித்தியென்றால் 34 எடுத்தவன் ஒன்றுமறியாதவன் ஆகிவிடுவானா? குருதியமுக்கம் 140ஐத் தொட்டவர் நோயாளி. 138 உடையவர் சுகதேகி. அமெரிக்க மருத்துவர் சங்கங்கள் 2017இல் அக்கோட்டை 130க்கு இறக்கியபோது, அந்நாட்டு வளர்ந்தோருள் நூற்றுக்கு 32 பேராக இருந்த அமுக்கநோயாளர் 46 பேராயினர். ஒருவருடைய உடம்பிலும் அன்று ஒன்றும் நிகழவில்லை. 2025இல் தென் கொரியாவின் 90 இலட்சத்துக்கும் மேற்பட்டோரையும் அமெரிக்காவின் ஏறத்தாழ ஏழாயிரம் பேரையும் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று வெளிவந்தது. மேலமுக்கம் 120, கொலஸ்திரோல் 200, வெறுவயிற்றுச் சீனி 100, எப்போதேனும் புகைத்திருத்தல் என்று கோட்டைத் தாழ்த்திக் கீறியபோது, மாரடைப்போ பாரிசவாதமோ இருதயச் செயலிழப்போ வந்தவருள் 99 வீதத்துக்கு மேற்பட்டோர் முன்னரே ஏதேனும் ஒரு கோட்டைத் தாண்டியிருந்தனர்.

இவ்வாதத்தில் வலிமை உண்டு. 'உமக்கு ஒன்றும் இல்லை' என்னும் சொல் எவ்வளவு தளர்ந்த சொல் என்பதை அது காட்டிவிடுகிறது. ஆயின் கோட்டை அவ்வளவு தாழ்த்தினால் நடுவயது கடந்தவருள் மிகப் பெரும்பாலோர் அதற்கு மேலேதான் நிற்பார்கள், நோய் வராதவர்களுங்கூட. ஐந்து புள்ளிக்குச் சித்தி கொடுக்கும் பரீட்சையால் கெட்டிக்காரனைத் தெரிந்தெடுக்க முடியாது. இரு கட்சியாரும் சொல்வதை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடைமுறையில் ஒன்றே கிடைக்கிறது: வெற்றுத்தாளாகத் தோன்றும் பட்டியல் எவரையும் காப்பாற்றுவதில்லை.

நம்மவர்க்கு இதில் தனியான அக்கறை இருத்தல் வேண்டும். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான 'இன்ரர்ஹார்ட்' ஆய்வில் இலங்கையும் சேர்ந்திருந்தது. தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53 என்றும், ஏனையோர்க்கு ஏறத்தாழ 59 என்றும் அதன் கணக்குகள் காட்டின. பெரும்பாலும் அறிந்த காரணிகளே நம்மிடம் முந்தி வருகின்றன என்பது அவ்வாய்வாளரின் முடிவு. அவர்கள் நான்கோடு நில்லாமல் வயிற்றுப் பருமன், மனவழுத்தம், பழமும் மரக்கறியும் குறைந்த உணவு, உடலுழைப்பின்மை முதலியவற்றையும் சேர்த்து ஒன்பதாக எண்ணினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உத்தியோகத்தரை நம் கந்தோர்களிற் காணாதவர் யார்? அவரை மெலிந்த மனிதர் என்றே அயலார் சொல்வர்.

பரம்பரையாக வருவதும் ஒன்று உண்டு. 1963இல் நோர்வே நாட்டு அறிஞர் கோர பேர்க், குருதியிற் கொழுப்பைச் சுமந்து செல்லும் துணிக்கைகளிடையே புதியதொன்றைக் கண்டு அதற்கு லிப்போபுரதம்-ஏ என்று பெயரிட்டார். இதன் அளவைப் பெற்றோர் கொடுத்த மரபணுவே தீர்மானிக்கிறது. உணவாலோ தேகாப்பியாசத்தாலோ அது அசைவதில்லை எனலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு அது மிகுதி. ஐரோப்பியரைக் காட்டிலும் தென்னாசியரிடம் பொதுவாகக் கூடுதல். வழக்கமான கொலஸ்திரோல் பரிசோதனையில் இது தனியே தெரியாது. அமெரிக்கத் தொலைக்காட்சியிலே பருத்தோரை மெலியச் செய்யும் நிகழ்ச்சியால் புகழ்பெற்ற பயிற்சியாளர் பொப் ஹாப்பர், 2017 பெப்ரவரியில், தமது 51ஆம் வயதில், நியூயோர்க் நகரத்துத் தேகாப்பியாச நிலையம் ஒன்றில் மாரடைப்பால் விழுந்தார். அருகில் ஒரு வைத்தியர் நின்றமையால் உயிர் தப்பினார். அவர் தாயாரும் மாரடைப்பால் இறந்தவர். தம் குருதியில் இத்துணிக்கை மிகுந்திருந்ததை அவர் அறிந்தது விழுந்த பின்னரே.

ஐரோப்பிய இருதயநோய்ச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனை அளந்து பார்த்தல் தகும் என்று எழுதியிருக்கிறது. மரபணுவின் அளவு பெரிதும் மாறுவதில்லையாதலால் ஒருமுறையே போதும். குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர் இருப்பின், பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் தம் வைத்தியரிடம் இதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேளாமல் யாரும் எழுதிக்கொடுப்பது அரிது. மாரடைப்பு வந்து மீண்டவரோ, தம்மிடம் நான்கும் இல்லையென்ற காரணத்துக்காகக் குளிசை ஒன்றைத்தானும் வைத்தியரைக் கேளாது நிறுத்தலாகாது.